மினிபஸ் குறித்த மார்க்

பால்ச்சாமிக்கு எதையும் மனதோடு வைத்துக்கொண்டு இருக்கத் தெரியாது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டிலிருந்து மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற மினிபஸ்ஸில் அவர் கண்டக்டர். காலையில் வீட்டில் தோசை கருகிப்போனால் முதல் நடை முடிவதற்குள் அந்தச் செய்தி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கிவிடும். பல்வலிக்கு என்ன மாத்திரை, பட்டாவில் பெயர் மாற்ற யாரைப் பார்க்க வேண்டும், ஆட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்கலாம், எல்லாவற்றையும் பஸ்ஸில்தான் கேட்பார், பஸ்ஸில்தான் முடிவும் செய்வார். இத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு வருகிற இடத்தில் ஒருத்தருக்குமா தெரியாமல் போகும் என்பது அவர் கட்சி. பெரும்பாலும் யாருக்காவது தெரிந்துதான் இருந்தது. வினையே அதில்தான் வந்தது.

மகள் மாரிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தாள். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவள் பிளஸ் டூ வந்த வருடம் பஸ்ஸுக்கு வேறு பேச்சே கிடையாது. நீட் பரீட்சைக்கு எவ்வளவு மார்க் குறிவைத்துப் படித்தால் சீட் கிடைக்கும் என்று பால்ச்சாமி ஏறுகிறவர்களிடமெல்லாம் கேட்டார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சில்லறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார். பதில் சொன்னால்தான் சில்லறை.

பதில் சொல்ல ஆளுக்கா பஞ்சம். செண்பகத்தோப்பில் வனத்துறை வாட்சராக இருக்கிற ஒருவர் அறுநூறு வேண்டும் என்றார். மில்லுக்குப் போகிற பெண் ஒருத்தி, அவள் முதலாளி மகன் அறுநூற்றைம்பது வாங்கியும் இழுபறிதான் என்றாள். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின்மேல் இருக்கிற பெருமாளைச் சேவிக்கப் போன கூட்டத்தில் ஒருவர், எழுநூறுக்குக் கீழே என்றால் நினைத்தே பார்க்காதீர்கள் என்று நெற்றியில் நாமத்தோடு அடித்துச் சொன்னார். பரீட்சையே மொத்தம் எழுநூற்றிருபதுக்குத்தான் என்று பின்சீட்டிலிருந்து ஒரு காலேஜ் பையன் சொன்ன பிறகுதான் ஏலம் நின்றது.

பால்ச்சாமி அறுநூற்றைம்பதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மாரிசெல்வி பள்ளியில் எழுதுகிற மாதிரித் தேர்வுகளில் முன்னூற்றுத் தொண்ணூறு, நானூறு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பா கொண்டுவந்த எண்ணைக் கேட்ட அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. படித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள், அடுத்த தேர்வில் முன்னைவிடக் குறைத்து வாங்கினாள். அவர் மனைவி வெங்கடேஸ்வரி மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து இதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் வருகிறவர்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளும்படி அவரைப் பேசினாள்.

காப்பாற்றியவர் ஜாஸ்மின் டீச்சர். மாரிசெல்வியின் பள்ளியில் உயிரியல் எடுப்பவர், தினமும் பஞ்சு மார்க்கெட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவர். ஏலத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவருக்கு ஒருநாள் பொறுமை விட்டுப்போயிற்று. பால்ச்சாமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்க கேக்கிற ஆளுக ஒருத்தரும் அவ பேப்பரைப் பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். கவர்மெண்டு ஸ்கூல் பிள்ளைகளுக்குன்னு ஏழரை சதவீதம் இடம் தனியா இருக்கு. அதுல போன வருசம் நானூத்தி இருவது, முப்பதுக்கே கெடச்சிருக்கு. நானூத்தி அறுவது வைப்போம். அது அவளால ஏலும்.”

எப்படி ஏலும் என்பதையும் டீச்சரே பிரித்துச் சொன்னார். உயிரியலில் அவள் கெட்டி, அதிலேயே பெரும்பங்கை அள்ளிவிடலாம். வேதியியலில் பாதிக்குமேல் போதும். இயற்பியலில் தெரிந்த பாடத்தை மட்டும் தொட வேண்டும். தப்பாகப் போட்டால் கையில் இருக்கிற மார்க்கும் போய்விடுகிற பரீட்சை அது. அதனால் எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்று தெரிய வேண்டும் என்றார். பால்ச்சாமிக்கு இது சட்டென்று பிடித்துப்போயிற்று. பஸ்ஸில் ஏற்றக்கூடிய ஆளைத்தானே ஏற்ற முடியும்.

அந்த எண் வந்ததும் வீடு வீடாயிற்று. மாரிசெல்வி சாப்பிட்டாள், தூங்கினாள், நானூற்று முப்பது வாங்கினாள், நானூற்று நாற்பத்தைந்து வாங்கினாள். இடையில் ஒருதரம் அவளுக்கே துணிச்சல் வந்து, இயற்பியலில் இன்னும் நாலு பாடம் பார்க்கிறேன், ஐந்நூறுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். பால்ச்சாமிதான் வேண்டாம் என்றார். கைக்கு எட்டினதை விட்டுவிட்டு உயரத்தில் இருப்பதற்குத் தாவ வேண்டாம், பேராசைப்பட்டுப் பழையபடி சாப்பாடு இறங்காமல் போய்விடக் கூடாது என்பது அவர் பயம். அவளும் கேட்டுக்கொண்டாள்.

பரீட்சை எழுதி வெளியே வந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. நேரம் மிச்சம் இருந்ததாம். இயற்பியலில் ஏழெட்டுக் கேள்வி போட்டுப் பார்த்திருந்தால் வந்திருக்குமாம். கணக்குப் பார்த்தபோது நானூற்று அறுபது தாண்டிவிட்டது தெரிந்ததால் தொடாமலே வைத்துவிட்டாளாம். நல்ல காரியம் செய்தாய் என்று பால்ச்சாமி மகளைத் தட்டிக்கொடுத்தார்.

ரிசல்ட்டில் நானூற்று அறுபத்தெட்டு. அன்றைக்கு அவர் பஸ்ஸின் டிரைவர் சமுத்திரம் மம்சாபுரத்துக்குள் நுழைந்ததிலிருந்து ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஏறினவர்கள் அத்தனை பேருக்கும் பால்கோவா. எழுநூறு கேட்ட நாமக்காரரும் எங்கிருந்தோ வந்து வாங்கித் தின்றார்.

விண்ணப்பத்தோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டியிருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கு, படித்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மேல்நிலைப் பள்ளியில் உடனே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் அவள் படித்தது ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைகிற இடத்தில் மெயின் ரோட்டிலேயே இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளியில். மதிய நடை முடிந்து பஸ் நிற்கிற நேரத்தில் பால்ச்சாமி அங்கே போனார்.

அங்கே தலைமை ஆசிரியர் நவநீதகிருஷ்ணன் நல்ல மனிதர். மாரிசெல்வியை ஞாபகம் வைத்திருந்தார், மார்க்கைக் கேட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். தாளை வாங்கி வாசித்துவிட்டு மேஜைமேல் திருப்பி வைத்தார்.

“இங்க படிச்சான்னு நான் எழுதித் தாரேன். ஆனா கவர்மெண்டு ஸ்கூல்னு எழுத முடியாது. இது எய்டட் ஸ்கூலுல்லா. அந்த ஏழரைல எங்க பிள்ளைக வர மாட்டாக.”

பால்ச்சாமிக்கு முதலில் விளங்கவில்லை. பீஸ் கிடையாது. புத்தகம் அரசாங்கம் கொடுத்தது. மத்தியானச் சோறு அரசாங்கம் போட்டது. சாருக்குச் சம்பளமே அரசாங்கம்தானே தருகிறது, பிறகு இது யார் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சம்பளம் அவர்கள் தருகிறார்கள், நிர்வாகம் வேறு, அதனால் அரசு உதவி பெறும் பள்ளி என்றுதான் பெயர் என்று தலைமை ஆசிரியர் பொறுமையாகச் சொன்னார். தங்கள் பிள்ளைகளுக்கும் அந்த இடம் வேண்டும் என்று அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்களாம். வாசல் பலகையில் இருந்த உதவி என்ற அந்த ஒரு வார்த்தையைப் பால்ச்சாமி ஆயிரம் முறை கடந்து போயிருப்பார். ஊரில் யாரும் அதை வாசித்து ஒரு பள்ளியை வேறாக நினைத்ததில்லை. பீஸ் வாங்கினால் பிரைவேட், வாங்காவிட்டால் கவர்மெண்டு, அவ்வளவுதான்.

தெருவுக்கு வந்து நின்றபோதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. அந்தப் பள்ளியில் மகளைச் சேர்க்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. பஸ்ஸில் கேட்காமல் அவர் எடுத்த ஒரே முடிவு அது. மம்சாபுரத்தில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அரசு நடுநிலைப் பள்ளி இருந்தது. ஐந்தாவது வரை அவள் அதில்தான் படித்தாள். வெங்கடேஸ்வரி அங்கேயே படிக்கட்டும் என்றாள். ஆனால் பால்ச்சாமி விடியுமுன் வேலைக்குக் கிளம்பி ஊர் அடங்கிய பிறகு வருகிறவர். பிள்ளையைத் தூங்குகிற முகத்தோடு பார்த்ததுதான் அதிகம். ஒருநாள் லீவில் வீட்டில் இருந்தபோது அவள் ஏதோ விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி அவரிடம் பேசினாள், அது அவரைக் குத்திவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி அவர் பஸ் நிற்கிற ஸ்டாப்பில் இருந்தது. அங்கே சேர்த்துவிட்டால் காலை நடையிலும் சாயங்கால நடையிலும் பிள்ளை கூடவே வருவாள். மனைவியிடம் அந்தப் பள்ளியில் படிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். உண்மையில் படிப்பைப் பற்றி அவர் விசாரிக்கவே இல்லை.

அந்த மூன்று வருடமும் அவள் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வருவாள். வாய்ப்பாடு ஒப்பிப்பாள், ஸ்டாப்பிங் பெயர்களை அவருக்கு முந்திக் கத்துவாள். அவர் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காலம் கிடையாது. சத்தியமாகக் கிடையாது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜாஸ்மின் டீச்சரிடம்தான் முதலில் சொன்னார். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. நம் பள்ளிப் பிள்ளைதானே என்று ஆறு முதல் எட்டு வரை எங்கே படித்தாள் என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொதுப் பட்டியலில் அந்த வருடம் ஐந்நூற்று முப்பதுக்குக் கீழே சீட் இருக்காது. நானூற்று அறுபது என்பது சரியான எண்தான், ஆனால் இவள் நிற்க வேண்டிய வரிசைக்கான எண் அல்ல. அந்த ஏழெட்டுக் கேள்வியைத் தொட்டிருந்தாலும் தூரம் கொஞ்சம் குறைந்திருக்குமே தவிர எட்டியிருக்காது என்று டீச்சர் ஆறுதல் சொல்லப் பார்த்தார். அது ஆறுதலாக இல்லை.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மறுநாள் முழுக்கத் தட்டிக்கழித்தார். அதற்கடுத்த நாள் மதியம் அவளே சான்றிதழ் வாங்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள். சமுத்திரம் டீ குடிக்கப் போயிருந்தார். காலி பஸ்ஸில் அவளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆறாவதுல ஏம்ப்பா என்னைய இங்க கொண்டாந்து சேத்தீங்க? நம்ம ஊர்லயே இருந்துச்சே.”

படிப்பு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லிவிட்டிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள். பால்ச்சாமியால் அது முடியவில்லை.

“ஒன்னையத் தெனமும் பாக்கணும்னுதான் தாயி. வேற ஒண்ணும் இல்ல.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும். படிக்கட்டில் இறங்கி, வெயிலில் குடைகூடப் பிரிக்காமல் நடந்து போனாள்.

பொதுப் பட்டியலில் விண்ணப்பம் போட்டார்கள். கிடைக்கவில்லை, கிடைக்காது என்று தெரிந்துதான் போட்டது. இன்னொரு வருடம் படித்து எழுதுகிறேன் என்று மாரிசெல்வி அம்மாவிடம் சொன்னாள். ராஜபாளையத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். வெங்கடேஸ்வரி கணவனை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேச வேண்டியவள் பேசாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ராஜபாளையத்துக்கு அவர் பஸ்தான் நேராகப் போகும். ஆனால் மாரிசெல்வி அதில் ஏறவில்லை. பெண்களுக்கு டிக்கெட் கிடையாத அரசு டவுன் பஸ்ஸுக்காகக் காத்து நின்றாள். காசு மிச்சம் என்றாள் அம்மாவிடம். கண்டக்டர் மகளுக்கு மினிபஸ்ஸில் யார் காசு கேட்கப் போகிறார்கள். காலையில் ஸ்டாப்பில் அவள் நிற்பாள், சமுத்திரம் பஸ்ஸை நிறுத்திச் செத்த நேரம் பார்ப்பார், அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்க மாட்டாள், பஸ் கிளம்பும். பால்ச்சாமி படியில் நின்றுகொண்டு அவள் உருவம் மறைகிறவரை பார்த்துக்கொண்டே போவார்.

பஸ்ஸில் எல்லோரும் கேட்டார்கள். பிள்ளை என்ன ஆச்சு, இந்தத் தடவை எவ்வளவு டார்கெட், எங்கே காணோம். பால்ச்சாமி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். எதையும் கேட்காமலே சில்லறையைக் கொடுத்தார். இந்த மனிதருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று ஆட்கள் சமுத்திரத்திடம் விசாரித்தார்கள். இந்தமுறை மகள் எந்த மார்க்கைக் குறிவைத்திருக்கிறாள் என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

“அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதம்மான்னுட்டா” என்றாள் வெங்கடேஸ்வரி, கீரையை ஆய்ந்துகொண்டே.

ஐப்பசி மழையில் ஒருநாள் டவுன் பஸ் வரவே இல்லை. பயிற்சி மையத்தில் அன்று தேர்வு. வேறு வழியில்லாமல் மாரிசெல்வி மினிபஸ்ஸில் ஏறினாள். சொல்லிவைத்தாற்போலப் பக்கத்தில் நின்ற ஒருவர், என்ன மாரிசெல்வி, இந்தத் தடவை எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். இன்னொருவர் அறுநூறாவது வேண்டும் என்றார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள்.

“அவ படிக்கட்டும், விடுங்க” என்றார் பால்ச்சாமி. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று எதிர்பார்க்காத பஸ் அடங்கிப்போயிற்று. பஞ்சு மார்க்கெட் வரைக்கும் மழைச் சத்தம்தான்.

இறங்கும்போது மாரிசெல்வி படியில் ஒரு நிமிஷம் நின்றாள். “ஐநூத்தி அறுவதுப்பா” என்றாள். “பொதுப் பட்டியல்ல கடைசியா கெடச்ச மார்க்குக்கு மேல முப்பது வச்சிருக்கேன். பிசிக்ஸ்ல எதையும் விடல.” சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் அந்த பஸ்ஸில்தான் வந்தாள். அந்த எண்ணைப் பால்ச்சாமி ஒருவரிடமும் சொல்லவில்லை. சமுத்திரத்திடம்கூடச் சொல்லவில்லை. பரீட்சை வரைக்கும் அதை அவர் எப்படி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே ஆச்சரியம்.

அவள் ஐந்நூற்று ஐம்பத்தாறு வாங்கினாள். ஒரு கேள்வி குறைவு. ஆனால் போதும் என்று ஜாஸ்மின் டீச்சர் பட்டியலைப் பார்த்துச் சொன்னார்.

எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். மேலே போட்டது கிடைத்தால் அதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். அவள் மார்க்குக்கு விருதுநகரும் கிடைக்கலாம், தருமபுரியும் கிடைக்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தருமபுரி கொஞ்சம் பழைய கல்லூரி, படிக்கிற பிள்ளைக்கு அங்கே பார்த்துப் பழக நிறைய இருக்கும், முடிந்தால் அதை மேலே போடு என்றும் சொல்லியிருந்தார். விருதுநகர் என்றால் சிவகாசி வழியாக ஒரு பஸ்ஸில் போய்விடலாம். லீவு நாளில் காலையில் கிளம்பி, பிள்ளையைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பால்ச்சாமி முந்தின நாளே மனதுக்குள் நாலைந்து தடவை போய்த் திரும்பியிருந்தார்.

மாரிசெல்வி இரண்டு பெயரையும் திரையில் மேலும் கீழும் மாற்றிப் பார்த்தாள்.

“தருமபுரி ரொம்பத் தூரம்லாப்பா. ஒங்களுக்கு எது?”

பால்ச்சாமி நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்கு விருதுநகர்தான் ஆசை. அதனாலதான் சொல்லுதேன், நீ அதை மேல போடாத.”

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் முயலவில்லை. ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தருமபுரியை மேலே ஏற்றிப் பதிவு செய்தாள்.